சிவப்புச் சாயத்துக்கு அனுமதி இல்லை

பெரும்பாலானவர்கள் பல்லின் முன்பக்கத்தை மட்டும்தான் தேய்க்கிறார்கள். இருபத்தாறு வருஷம் பல் ஆஸ்பத்திரியில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்த அனுபவத்தில் சொல்கிறேன். சிரித்தால் தெரிகிற இடம் பளிச்சென்று இருந்தால் அவர்களுக்குப் போதும். நாக்குப் படுகிற பக்கத்தில் காரை கட்டியிருக்கும், ஈறு நாறும். "தெனம் ரெண்டு வேளை தேய்க்கிறேங்க" என்று சத்தியம் வேறு செய்வார்கள். நான் எதிர்த்துப் பேசியதில்லை. சுரண்டி எடுத்துவிட்டுக் கொப்பளிக்கச் சொல்வேன்.

என் பெயர் நொரீன் ஹாஸ்கெட். வயது ஐம்பத்து மூன்று. வாரநாளில் அந்த வேலை. சனி, ஞாயிறில் கில் ராடமேக்கரின் மைதானத்தில் பெயின்ட்பால் பந்தயங்களுக்குத் தலைமை நடுவர். பத்தொன்பது வருஷமாக. தெற்கு ஒஹையோவில் என்னைவிட அதிக காலம் அந்தக் கோடு போட்ட சட்டையை மாட்டியவர்கள் யாரும் இல்லை.

ஆட்டம் உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். காற்றடைத்த தடுப்புகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரை ஒருவர் சுடுவார்கள். குண்டு உடம்பில் பட்டு உடைந்தால் அவன் அவுட். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். மொத்த ஆட்டமும் அந்தக் கையை நம்பித்தான் நடக்கிறது. எத்தனை நடுவர்கள் நின்றாலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பட்டவன் தானாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துக்கொள்ளாதவன் துடைப்பான். அந்தச் சாயம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். வெயிலில் கிடந்தால் மீனெண்ணெய் மாத்திரையைக் கடித்தது மாதிரி வாடை வரும். அதைத் தடுப்பில் தேய்ப்பான், புல்லில் புரள்வான், அக்குளில் வழித்துக்கொள்வான். பிறகு எழுந்து இன்னும் மூன்று பேரைச் சுட்டுவிட்டுக் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வான்.

நான் சேர்ந்தபோது நாற்பது அணிகள் வந்தன. இந்த வருஷம் ஒன்பது. யாரைக் கேட்டாலும் குண்டு விலை ஏறிவிட்டது, விளம்பரம் கொடுத்த கம்பெனிகள் கழன்றுகொண்டன, பழைய ஆட்டக்காரர்களுக்கு முட்டி போய்விட்டது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு ஒரு தடவை வந்தவர்கள் ஏன் மறுபடி வரவில்லை என்பதை மைதானத்தைச் சுற்றிய வலையோரம் நின்று நான் பார்த்திருக்கிறேன். துடைத்தவன் ஜெயித்ததைப் பார்த்தார்கள். நடுவரை அவன் பேசிய பேச்சைக் கேட்டார்கள். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

ப்ரானன் டீக் என்பவன் காப்பர்ஹெட்ஸ் என்ற அணிக்காரன். வயது இருபத்தாறு, கூரை போடுகிற வேலை. கையில் திறமை உண்டு, மறுக்கவில்லை. ஏப்ரலில் ஒரு பந்தயத்தில் அவன் தொடையில் இளஞ்சிவப்புச் சாயம் உடைந்ததை எட்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். மூச்சு விடுகிற நேரத்தில் அதை வழித்து அக்குளில் அப்பிக்கொண்டான். விசில் ஊதினேன்.

"அக்குளைக் காட்டு, டீக்."

"வேர்வை அம்மணி. சந்தேகமா இருந்தா மோந்து பாத்துக்கோங்க."

வலைக்கு அந்தப் பக்கம் கைகொட்டிச் சிரித்தார்கள். "மோந்து பாரும்மா!" என்று ஒருத்தி கத்தினாள். கில் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்.

"விட்டுருங்க நொரீன். இவன வெளிய அனுப்பினா அஞ்சு பேரும் மூட்டையக் கட்டிருவானுங்க. எட்டு டீம வெச்சுக்கிட்டு நான் என்ன, கோலி வெளையாடுறதா?"

"அவன் ஏமாத்துறான், கில்."

"எல்லாருந்தான் ஏமாத்துறான். இவன் உங்க கண்ணுல பட்டுட்டான், அவ்வளவுதான்."

ஆட்டம் முடிந்ததும் டீக் வந்து கையை நீட்டினான். "மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி" என்றான். மரியாதைக்குக் கொடுத்தேன். உள்ளங்கை முழுக்கச் சாயம். அவனுடைய அக்குள் சூட்டில் இளகி, மயிர் ஒட்டிய சாயம். வேண்டுமென்றே பூசிக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரி சோப்பால் ஏழு தடவை கழுவினேன். திங்கட்கிழமை ஒருவர் வாய்க்குள் விரலை வைத்தபோதும் கையுறைக்குள்ளிருந்து அந்த வாடை எனக்கு அடித்தது.

நான் கோபக்காரி இல்லை. வேலையை வழக்கம்போலப் பார்த்தேன். ஆட்டங்களுக்கு நடுவே ஆட்டக்காரர்களின் கண்ணாடி வைத்த முகக்கவசங்களைத் துடைத்துத் தருவது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை, நானாகச் செய்வேன். உள்ளே எச்சில், மூக்குச்சளி, புகையிலைச் சாறு எல்லாம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியை ஒற்றி எடுத்து வரிசையாக வைப்பேன். தலைமை நடுவர் என்பதால் காலையில் கவசங்களைச் சோதித்து, சரியாக இருப்பதற்குப் பச்சைச் சீட்டு ஒட்டுவதும் நான்தான்.

ஆகஸ்ட் இறுதிப் பந்தயத்தன்று காலையில் டீக்கின் கவசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழை போல நாலைந்து கீறல்கள் உள்ளே ஓடியிருந்தன. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சீட்டை ஒட்டினேன்.

இதைக் கவனக்குறைவு என்று உங்கள் விசாரணைத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

அதே அணியில் எல்டன் ப்ரைஸ் என்று ஒருவர். முப்பத்தேழு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூடத் துடைத்ததில்லை. குண்டு உரசிக்கொண்டு போனாலே கையைத் தூக்கிவிடுவார். அவர் பல்லையும் நான்தான் சுத்தம் செய்கிறேன். உள்பக்கமும் சுத்தமாக இருக்கும்.

கடைசிச் சுற்றில் டீக்குக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை. எல்டனின் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து வெளுத்துவிட்டது, துடைத்தாலும் நிற்கவில்லை. டீக் தன் கவசத்தைக் கழற்றி நீட்டினான்.

"இந்தா, என்னுத மாட்டிக்கோ. நொரீன் தொடச்சது, பளபளன்னு இருக்கு."

"அப்ப உனக்கு?"

"நான் வலைக்குப் பின்னால குந்தப் போறவன். எனக்கெதுக்கு? போய்யா. ஒண்ணு மட்டும் சொல்றேன், சும்மா சும்மா கையத் தூக்கிறாத."

எல்டன் சிரித்துக்கொண்டே மாட்டினார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

மூன்றாவது நிமிஷத்தில் அடி விழுந்தது. கவசத்தில் குண்டு பட்டால் தொப்பென்று மந்தமாகக் கேட்கும். இது வாதுமைக்கொட்டையை உடைத்தது மாதிரிக் கேட்டது. எல்டன் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார். எங்கள் பந்தயங்களில் சிவப்புச் சாயத்துக்கு அனுமதி இல்லை. ரத்தம் போலத் தெரியும் என்பதால். அதனால் கவசத்தின் கீழே வழிந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு வாசல்வரை நேராக நடந்துபோய், கோட்டைத் தாண்டிய பிறகுதான் புல்லில் உட்கார்ந்தார்.

டீக் ஓடிவந்து அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டான். "என்னுத நான்தான் குடுத்தேன், ஐயோ, நான்தானே குடுத்தேன்" என்று அழுதான். சளி உதட்டில் இறங்கி வாய்க்குள் போனது. ஒரு சுத்தமான துணி எடுத்துக் கொடுத்தேன்.

எல்டனுக்கு வலது கண் போய்விட்டது. இனிப் பேருந்து ஓட்ட முடியாது. பார்க்கப் போயிருந்தேன். "உங்க மேல தப்பில்ல நொரீன். நீங்க நல்லாத்தான் தொடச்சுக் குடுத்தீங்க" என்றார். மைதானத்துக்கு இனிக் காப்பீடு கொடுக்க ஆளில்லை. கில் வாசலில் சங்கிலி போட்டுவிட்டார். அந்த ஒன்பது அணிகளும் கலைந்துவிட்டன.

இப்போது புட்டியைப் பற்றி. என் கார் டிக்கியில் நீங்கள் எடுத்தது ஆஸ்பத்திரியில் கருவிகளைத் துடைக்கிற திரவம். அந்தக் கண்ணாடிகளில் அது படவே கூடாது, பட்டால் இறுகி நொறுங்கும் தன்மை வந்துவிடும் என்று கவசத்தின் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. மற்றவர்களுடையதை வெறும் தண்ணீரால் துடைத்தேன். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை டீக்குடையதை மட்டும் அதில் துடைத்தேன், ஒவ்வொரு பந்தய நாளிலும், இரண்டு முறை. அவனைக் கொல்ல நினைக்கவில்லை. துடைத்துப்போட முடியாத ஓர் அடி அவனுக்கு விழ வேண்டும் என்று நினைத்தேன். இந்த ஆட்டத்துக்காக யாராவது ஒருவர் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். பழைய கவசத்தைக் கொடுத்தது தன் குற்றம்தான் என்று டீக் உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறானாம். எவ்வளவு நேர்மையான பையன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவரே சொன்னார். அவன் செய்யாததற்கு அவன் கையைத் தூக்கி, அதற்கும் பாராட்டு வாங்குவதை என்னால் சகிக்க முடியவில்லை.

எல்டன் அதை மாட்டியதற்கும் ஆட்டம் தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்றும் கேட்டீர்கள். நாற்பது வினாடி. என் கையில் கடிகாரம் இருந்தது. விசில் வாயில் இருந்தது. ஆனால் காலையில் பச்சைச் சீட்டு ஒட்டிய கவசத்தை, அணிகள் களத்தில் இறங்கிய பிறகு நடுவர் மறுபடி சோதிக்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.