ஒரே தாளில்

ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் காகிதம் நமத்துவிடும். பிரிண்டர் ஒரு தாள் கேட்டு இரண்டை இழுக்கும். அதனால் எதுவும் ஒரே தாளில் அடங்கிவிட்டால் இங்கே எல்லோருக்கும் நல்லது. ஸ்டேஷன் ரைட்டர் நிதானமாக எழுதட்டும், இன்ஸ்பெக்டர். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். பெங்களூரில் இணையப் பக்கங்கள் செய்யும் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மலைக்குத் திரும்பினேன். இங்கே விடுதிக்காரர்கள் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருந்தது. சங்கத் தலைவர் முகமது இஸ்மாயில் அதைச் சீர்செய்யக் கூப்பிட்டார்.

"நம்மூட்டுக் கம்ப்யூட்டர்ல பாத்தா, ரூம் வாடகை மேல மேப்பு ஏறி உக்காந்துக்குதுங்க. மருமவன் ஊட்ல நல்லாத்தான் தெரியுதாம். என் மிசினு மட்டும் என்னுங்க பாவம் பண்ணுச்சு?"

பாவம் செய்தது மிஷின் அல்ல. பக்கத்தைச் செய்தவர் ஜரீனா. சங்க அலுவலகத்தில் தட்டச்சுக்கு வந்தவர், ஒரு கோடை விடுமுறையில் தானாகக் கற்றுக்கொண்டு செய்திருந்தார். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் இன்னோர் அட்டவணை. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக நிறம். தலைப்பு என்று எதையும் சொல்லாமல், எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். உச்சியில், மலைப்பாதைச் செய்தி. சிவப்பு. அது மின்னி மின்னி மறையும். ஊரே அதைப் பாராட்டியது. தேர்த்திருவிழாவில் சீரியல் பல்பைப் பாராட்டும் ஊர் இது.

உலகத்துக்குப் பொதுவான விதிகள் இருக்கின்றன, இன்ஸ்பெக்டர். எது தலைப்பு, எது பத்தி என்பது ஒரு கோப்பு. தலைப்புக்கு என்ன நிறம், பத்திக்கு எவ்வளவு அகலம் என்பது இன்னொரு கோப்பு. உடம்பு வேறு, உடுப்பு வேறு. உடம்பு ஒழுங்காக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் பக்கம் நிற்கும். படத்துக்குப் பக்கத்தில் அதை விவரித்து ஒரு வரி எழுதிவிட்டால், பார்வையில்லாதவரும் வாசிப்புக் கருவி வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு தளமே உண்டு. ஜரீனாவின் பக்கத்தை அதற்குக் கொடுத்தேன். பிழைப் பட்டியல் முடியவே இல்லை. என் பக்கத்தைக் கொடுத்தேன். பிழை இல்லை என்று வந்தது.

இஸ்மாயிலின் வரைபடம் வாடகையை விட்டு இறங்கியது. அவர் எனக்கு பிரியாணி அனுப்பினார். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

மின்னுவது எந்த விதியிலும் இல்லை. எடுத்துவிட்டேன். பாதைச் செய்தியை அடக்கமான பத்தியாக்கி, இடப்பக்கம் மெல்லிய சாம்பல் கோடு போட்டேன். பொன்னுவேலுக்கு அது பிடிக்கவில்லை. சேலத்து வேன் ஸ்டாண்டிலிருந்து சவாரி ஏற்றி வரும் டிரைவர். மேலே வந்தால் சங்க அலுவலகத்தில் எட்டிப் பார்ப்பான்.

"ஏனுங்க சார், நல்லா மின்னிக்கிட்டு இருந்துச்சே. பீஸ் போயிருச்சுங்களா?"

ஜரீனா சிரித்தார். "பீஸெல்லாம் போவலண்ணா. சாருக்குக் கண்ணு கூசுதாம்."

நான் சிரித்ததாக நினைவு.

அந்த ஸ்டாண்டின் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவர்கள் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. ஸ்டாண்டு ஆபீசில் காலையில் எங்கள் பக்கத்தைத் திறந்து, பார்க்காமலே அச்சடித்து, மலைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஒன்று கொடுப்பார்கள். வண்டியை எடுக்குமுன் டிரைவர் அதைப் படித்துவிட்டு அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா என்று முடிவு செய்வார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது ஜரீனா. இப்படித்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஸ்டாண்டுக்காரர்கள் என்னிடம்தான் குறைப்பட்டார்கள். பக்கம் இரண்டாம் தாளுக்குப் போகிறதாம். போவது இரண்டே வரி. அதற்காகத் தினமும் ஒரு கட்டுத் தாள் வீண்.

நியாயமான குறை. அதற்கும் விதியில் வழி இருக்கிறது. திரைக்கு ஓர் உடுப்பு, காகிதத்துக்கு வேறோர் உடுப்பு. உடம்பைத் தொடவே வேண்டாம். காகிதத்தில் எதற்கும் பயன்படாதவற்றை மறைத்துவிடலாம்: மற்ற பக்கங்களுக்குப் போகும் தொடுப்புகள், விளம்பரம், வருகையாளர் எண்ணிக்கை. அவற்றை மறைத்த பிறகும் இரண்டு வரி மிஞ்சியது. பாதைச் செய்தி சரியாக இரண்டு வரி. தற்காலிகச் செய்தி வேறு. அதையும் மறைத்தேன்.

இதை யோசிக்காமல் செய்தேன் என்று நீங்கள் எழுத விரும்பலாம். யோசித்தேன்.

ஐப்பசி அடைமழை. வெள்ளிக்கிழமை மாலை ஐயாக்கண்ணு சங்க அலுவலகத்துக்கு நனைந்துகொண்டு வந்தார். குப்பனூர் ரோட்டின் ஒரு வளைவுக்குக் கீழே அவருக்குக் காப்பித் தோட்டம். "மேலாப்புல தாரு மட்டுந்தானுங்க நிக்குது. அடியில மண்ணே இல்லீங்க. ஆளு நடந்தாத் தாங்கும். வண்டி ஏறுச்சுன்னா அவ்வளவுதான்."

ஜரீனா நெடுஞ்சாலை அலுவலகத்துக்குச் சொன்னார். திங்கட்கிழமை வழியை மறித்துப் பீப்பாய் வைக்கிறோம் என்றார்களாம். அரசாங்கத்துக்கும் ஞாயிறு உண்டு. ஜரீனா பாதைச் செய்தியை மாற்றி எழுதினார்: குப்பனூர் ரோட்டில் வண்டி போகக் கூடாது.

சனிக்கிழமை காலை சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். காகிதத்துக்கான உடுப்பை அதற்கு முதல் நாள் மதியம்தான் ஏற்றியிருந்தேன். ஓர் அச்சு எடுத்துப் பார்த்தேன். ஒரே தாள். ஓரங்கள் நான்கும் சமம். ரூம் வாடகை, பஸ் நேரம், வரைபடம், அடியில் மலைக்கு வரும் வழிகள் இரண்டு. பாதைச் செய்தி இல்லை. திரையில் இருந்தது, தாளில் இல்லை. நான் எழுதியபடியே நடந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். இந்த வேலையில் நினைத்தது நினைத்தபடி வருவது அபூர்வம்.

பிறகு பக்கத்தைச் சரிபார்க்கும் தளத்துக்கு அனுப்பினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே டெலிபோன் லைன். இணையமும் அதில்தான். நான் இணைப்பில் இருந்தால் யாரும் பேச முடியாது.

ஜரீனா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சார், ரெண்டு நிமிசம் லைன உடுங்க. ஸ்டாண்டுக்கு ஒரு போனு போட்டுர்றேன். குப்பனூர் சமாச்சாரம் வாயாலயும் சொல்லிப்போடலாம்."

"பக்கத்தில் இருக்கிறதே" என்றேன்.

"இருக்குதுங்க. பேப்பர்ல வருதுங்களா?"

தாள் என் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

அவரிடம் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'அப்பப் பழையபடி மின்ன வெச்சுருங்க சார்' என்பார். இஸ்மாயில் தலையாட்டுவார். அட்டவணைக்குள் அட்டவணை திரும்பி வரும். பொன்னுவேல் வந்து, 'பீஸ் போட்டாச்சுங்களா' என்பான். ஊர் கைதட்டும்.

"எல்லாம் விதிப்படி வரும்" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்றார். என்னை நம்பி டீ போடப் போனார்.

பிழை இல்லை என்று திரையில் வந்தது. அதன் பிறகும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. வேறு வேலை இருக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னுவேல் அன்று அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றினான். குழந்தைக்கு மொட்டை போட மலைக்கோயிலுக்கு வந்தவர்கள். அங்கிருந்து குப்பனூர் வழிதான் பக்கம். தாளைப் படித்திருக்கிறான். தாளில் இரண்டு வழிகளும் திறந்திருந்தன. மற்றதை நான் சொல்லத் தேவையில்லை. ஐயாக்கண்ணுவின் காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அவர்களை எடுத்துவந்தது நீங்கள்தான். யாரும் மிஞ்சவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் மேஜைமேல் இருப்பது பொன்னுவேலின் சட்டைப்பையில் இருந்த தாள்தானே? ஈரத்திலும் ஓரங்கள் சமமாக இருக்கின்றன.

முதலில் ஜரீனா செய்தி போட மறந்துவிட்டார் என்றார்கள். இஸ்மாயில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். "ஏங் கண்ணு, ஒரு வரி போடறதுக்கு உனக்கு என்ன கேடு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே நின்றார். நானும் அங்கே இருந்தேன். பக்கத்தைப் பற்றி யாரும் தவறாகச் சொல்லவில்லை. அதனால் நான் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் அவரே உங்களை அழைத்துவந்து திரையைக் காட்டினார். செய்தி இருந்தது. தாளில் வராதது பக்கத்தின் கோளாறு என்று முடிவுசெய்து அவரை விட்டுவிட்டீர்கள். நல்லதுதான். ஆனால் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இஸ்மாயில் நேற்று டீக்கடையில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'இணையப் பக்கத்தில் இருந்த பிழையால் நேர்ந்த விபத்து.'

அதற்காகத்தான் வந்தேன்.

பக்கத்தில் பிழை இல்லை. நீங்களே சரிபார்க்கலாம், எந்தக் கம்ப்யூட்டரிலும். மறைக்கச் சொன்னதை அது மறைத்தது. தாளில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தாளை நம்பி வண்டி ஏறும் என்பதும் தெரியும். தடுக்க ஒரு போன் போதும் என்றும், அந்த லைன் என் கையில் இருக்கிறது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். பிழை என்ற இடத்தில் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.