எந்தப் பக்கம் முன்வாசல்

உட்காருங்க சார், பெஞ்சு ஆடும், ஆனா விழாது. உங்க டிரைவர் ஆபீசுக்கு வழி கேட்டுட்டு வரட்டும், அதுவரைக்கும் ஒரு டீ. வேண்டாமா? அட, சர்க்கரை கம்மியாப் போடுறேன், குடிங்க.

என்னது, இந்த மேற்கு வாசல் பின்வாசலா? மெதுவாப் பேசுங்க சார், மேற்கு ஊர்க்காரன் காதுல விழுந்தா வம்பு. யுனிவர்சிட்டி எனக்குத்தான்னு கிழக்க ஒரு ஊரு, மேற்க ஒரு ஊரு, ரெண்டும் மல்லுக்கு நின்னுச்சு. அரசாங்கம் பார்த்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல, ஆள் நடமாட்டமே இல்லாத இந்தப் பொட்டல்ல கொண்டாந்து கட்டிடுச்சு. அப்புறம் எது முன்வாசல்னு சண்டை. சரித்திர டிபார்ட்மென்ட்டே ரெண்டா உடைஞ்சு போச்சுன்னா பாருங்களேன். ஆளுக்கொரு சரித்திரம் நடத்துறாங்க. பேப்பர் திருத்தப் போறது எந்த ஊர்க்காரருன்னு விசாரிச்சுட்டுத்தான் பசங்க பேனாவையே திறக்குறாங்க.

கடைசியில ஒரு வழக்கம் வச்சாங்க. புது துணைவேந்தர் பதவியேற்க வர்ற அன்னைக்கு ரெண்டு வாசலும் திறந்திருக்கும். அவர் கார் எதுல நுழையுதோ, அவர் இருக்கிற வரைக்கும் அதுதான் முன்வாசல். இன்னொண்ணுக்குப் பூட்டு. போனவர் கிழக்கால நுழைஞ்சுட்டார். மூணு வருஷம் சார், இந்தப் பக்கம் ஈ காக்கா வரல. அடுப்பைப் பத்த வச்சு, நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவையும் பூட்டுனாங்கன்னா கடையை மூட வேண்டியதுதான்.

ஆமா, இன்னைக்குத்தான் புதுசா ஒருத்தர் வர்றார். கிழக்கு வாசல்ல பேண்டு வாத்தியம், பூங்கொத்து, பெரிய பெரிய பேராசிரியருங்க எல்லாம் வெயில்ல வரிசையா நிக்கிறாங்களாம். பாவம்.

ஏன் எழுந்திரிக்கிறீங்க? டீ ஆறிடும் சார், குடிச்சுட்டே போங்க. இனிமே அவசரப்பட்டு என்ன ஆகப் போகுது? கேட்டைத் தாண்டி உள்ளதானே நம்ம கடை. உங்க கார் கடை வாசல்லதான் நிக்குது, ஊரே பார்த்தாச்சு.

அங்க முக்குல ஒருத்தர் சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு, முன்னாடி ரோடு வேலை நடக்குது, இப்படித் திருப்புங்கன்னு கையைக் காட்டினாரே, ஞாபகம் இருக்கா? ரோட்டுல ஒரு வேலையும் நடக்கல சார். அவர்தான் என் வீட்டுக்காரர்.