அமாவாசைக்கு நானும் வெளிய

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் கையில் இரவில் நட்சத்திரம் பார்க்கும் வானியல் கழகத்தில் சேருவதற்கான படிவம்.

“அமாவாசைக்கு அவர் கடலுக்கு, நான் வெள்ளி பாக்க,” என்றாள் அவள்.

“ஏனக்கா, அண்டைக்குத்தான் போகவேணுமோ?”

“நிலவு இல்லாட்டித்தான் அவருக்கு மீன் படும். எங்களுக்கும் வெள்ளியள் வடிவாத் தெரியும்.”

“அத்தான் விடுவாரோ?”

“நான் கேக்கேல்லை, சொன்னனான். எந்த வெள்ளியைப் பாத்துக் கரைக்கு வாறியள் எண்டு மட்டும் கேட்டனான். பதினைஞ்சு வருஷமாக் கேக்கிறன்.”

“என்ன சொன்னவர்?”

“கடலுக்குப் போகாத ஆக்களுக்கு அது விளங்காதாம்.”

படிவத்தை மடியில் வைத்து, பஸ் குலுங்கக் குலுங்கத் தன் பெயரை எழுதினாள்.

“வாற அமாவாசை முடிஞ்சு அவர் கரைக்கு வரேக்க, அந்த வெள்ளியின்ர பேரை நான் சொல்லுவன்.”