டொலீடோவுக்கு ஒரு குவாட்டர்பேக்

— பையனுக்குக் கை சின்னது அம்மணி. நம்ம ஊர்ல நவம்பர் வந்தா மழையும் பனியும்தான், பந்து வழுக்கிரும். வேண்டாம், சொல்லிட்டேன்.

— எட்டு டீம் ஆளுக்கொரு காலேஜ் பையனை எடுத்து முடிச்சாச்சு வில்பர், இப்ப நம்ம முறை. ஒன்பது நிமிஷம்தான் இருக்கு. காலேஜ் பசங்கள்லயே நல்ல குவாட்டர்பேக், பந்தை எறிஞ்சு ஆட்டத்தையே நடத்தறவன், இந்த எம்மெட் ரஸ்க், இன்னும் யார் கையிலயும் சிக்காம நிக்கறான். நீங்க கையை அளந்துட்டு இருக்கீங்க.

— அளக்கத்தானே இருபத்தாறு வருஷமா ஊர் ஊரா அனுப்பறீங்க.

— அனுப்பினது எங்கப்பா. இப்ப அவர் நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். வெளியில சத்தம் கேக்குதா? இருபது வருஷத்துல பதினாலு குவாட்டர்பேக். ஜனங்க சட்டை முதுகுல பழைய பேர் மேல டேப் ஒட்டிப் புதுப்பேர் எழுதிக்கறாங்க. டேப்பே கனத்துப் போச்சு.

— அதுக்கு நான் என்ன பண்ண? வெண்ணெய் திரண்டு வர்றப்பல்லாம் தாழி உடைஞ்சுது.

— மூணு தடவை. அயோவா காலேஜோட இடதுகைப் பையன், வேற ஊருக்குப் போய் ரெண்டு கோப்பை வாங்கினான். அப்புறம் அந்தப் பாதிரியார் மகன். அப்புறம் முட்டியில ஆபரேஷன் பண்ணின ப்ரூவெர். மூணு பேரையும் விட்டோம். அப்பா சாகற வரைக்கும் எங்க போனாலும் யாராவது அதைச் சொல்லிக் குத்திட்டே இருந்தாங்க.

— பெரியவர் பிடிவாதக்காரர். பாவம்.

— அப்படித்தான் நானும் நினைச்சேன். போன வாரம் அவர் அலமாரியை ஒழிச்சேன் வில்பர். மூணு பேருக்கும் நீங்க எழுதின ரிப்போர்ட் இருந்துச்சு. மூணுலயும் கடைசி வரி ஒண்ணுதான். ‘எடுக்க வேண்டாம்.’ கீழ உங்க கையெழுத்து.

— அதை எதுக்கு இப்பக் கிளறறீங்க அம்மணி?

— ஏன் அப்படி எழுதினீங்கன்னு சொல்லுங்க. ஆறு நிமிஷம்.

— ராய்ஸ் டிங்லி ஞாபகம் இருக்கா?

— இங்க ஆடினவர்தானே? நான் ஏழாம் கிளாஸ்ல இருந்தேன். கழுத்துல அடிபட்டு...

— நான் முதமுதல்ல ‘எடு’ன்னு எழுதினது அவனைத்தான். இருபத்திரெண்டு வயசு. அவன் மேல யாரும் பாயாம மறிச்சு நிக்க முன்வரிசையில நல்ல ஆளுங்களைப் போடுங்கன்னு உங்கப்பாகிட்டக் கெஞ்சினேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. ஒம்போதாவது ஆட்டத்துல மூணு தடியனுங்க அவன் மேல விழுந்தாங்க. இன்னிக்கும் பொண்டாட்டிதான் அவனுக்கு சூப் ஊட்டி விடறா. மாசா மாசம் போய்ப் பாக்கறேன். ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறான் அம்மணி. திட்டித் தொலைச்சான்னா நல்லா இருக்கும்.

— அதுக்காக நல்லவனையெல்லாம்...

— மத்த ஊருக்குத் தள்ளி விட்டேன். ஆமா. ஆடினாங்க, ஜெயிச்சாங்க, சொந்தக் கால்ல நடந்து வீட்டுக்குப் போனாங்க.

— இங்க வந்த பதினாலு பேரும் மனுஷங்க இல்லையா?

— எல்லாம் வேற டீம்ல தேய்ஞ்சு வந்த பழைய கட்டைங்க. அடி விழும்னு தெரிஞ்சே வந்தவங்க. இவன் பச்சைப் பிள்ளை.

— முன்வரிசையை நான் மாத்தறேன் வில்பர். சத்தியமா.

— உங்கப்பாவும் சத்தியம்தான் பண்ணினாரு. மாத்த மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும்?

— மூணு வருஷம் யார் விடுவாங்க? இந்த சீசனும் மைதானம் காலியாக் கிடந்தா டீமைத் தூக்கி வேற ஊருக்குக் கொண்டு போயிருவாங்க பங்குதாரருங்க. எங்க தாத்தா ஆரம்பிச்ச டீம். நான் எந்தப் பக்கம் திரும்பறது, நீங்களே சொல்லுங்க.

— போனைத் தொட விட மாட்டேன் அம்மணி.

— ஒரு நிமிஷம்தான் இருக்கு. போன் மேலருந்து கையை எடுங்க. கை சின்னது, மழை, பனி எல்லாம் விடுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, பையன் எப்படி?

— இருபத்தாறு வருஷத்துல இவனை மாதிரி ஒருத்தனை நான் பாக்கலை. அதனாலதான் கெஞ்சறேன், விட்டுரு தாயி.

— ஹலோ, எம்மெட்டா? டொலீடோலேருந்து நோரீன் பேசறேன். உன்னைத்தான்ப்பா எடுத்திருக்கோம். அழாதே, அம்மாகிட்ட போனைக் குடு. ஆமாங்கம்மா, பையனைப் பாக்க வந்தாரே, எங்க வில்பர், இங்க பக்கத்துலதான் இருக்காரு. அவர் சொல்லித்தான் எடுத்தோம்.