ஒரு விரல் இறக்கம்

…அமுக்கவே இல்லங்க, அதத்தான் சொல்றேன். இந்த டாக்டரு சும்மா என் நாய் கழுத்துல கைய வச்சாரு, கண்ண மூடினாரு, அவ்ளோதான். பஸ்ல தூங்குறவன் முன்சீட்டப் புடிச்சுக்கிட்டு இருப்பான் பாருங்க, அப்படி. இருபது நிமிஷம். என் நாய் கொட்டாவி விட்டுச்சு. "ஆங், இறுக்கம் விடுது"ங்கிறாரு. அப்படிப் பாத்தா என் மருமகன் வாயத் தொறந்தாலே எனக்கு உடம்பு பூரா இறுக்கம் விடுது.

நீங்க மொதத் தடவையா? உக்காருங்க தம்பி, உங்க நாய மடியில வச்சுக்கங்க. நேரமாகும், உள்ள குதிரை இருக்கு. அந்தக் கதவு இடுக்குல பாருங்க, வால் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறி நின்னு அதோட முதுகத் தொட்டுப் பாக்குறாரு. போன தடவை என்ன சொன்னாருங்கிறீங்க? குதிரைக்கு ஒண்ணுமில்லையாம், ஓட்டுற அம்மா ஒருபக்கமா சாஞ்சு உக்காருதாம். வைத்தியம் குதிரைக்கு, திட்டு ஓட்டுறவங்களுக்கு. வெளிய போர்டுல ஆஸ்டியோபதி, கையாலயே எலும்பு தசையச் சரிபண்ற வைத்தியம்னு போட்டிருக்காரே, இதையும் சேத்துப் போட வேண்டியதுதான?

என் நாய் எங்கயா? அதுக்குத்தான் வரேன், இருங்க.

நான் டெய்லருங்க. கோட்டு மட்டும் தைக்கிறவன். முப்பத்தெட்டு வருஷம். ஒரு ஆளு படியேறி வரும்போதே எந்தத் தோள் இறக்கம்னு சொல்லிடுவேன். உங்களுக்கு இடது. கோச்சுக்காதீங்க. இவரு போட்டிருக்காரே வெள்ளைக் கோட்டு, அதுல ஒரு கை அரை இஞ்ச் நீளம். தன் கை எங்க முடியுதுன்னே தெரியல, இவரு நாயோட எலும்பத் தேடுறாரு…

நாய்க்கு முன்னங்கால் நொண்டல். எக்ஸ்ரே எடுத்தாச்சு, காலுல ஒண்ணுமில்ல. கழுத்துல ஏதோ புடிப்பு, இங்க போங்கன்னுட்டாங்க. என் பொண்ணு இருக்காளே, அவ ஒரு பக்கம். "இந்த மாசக் கடைசிக்குள்ள நாய் நேரா நடக்கலன்னா நான் தூக்கிட்டுப் போயிடுவேன்ப்பா"ன்னா. சொன்னா செய்வா, அவங்கம்மா மாதிரி. அவங்கம்மா போய் அஞ்சு வருஷமாச்சு தம்பி. வீட்டுல நான் பேசினா காதத் தூக்கிப் பாக்குறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் தையல் மிஷினோடதான் பேசணும். பயந்துட்டேன், பொய் சொல்வானேன்.

வந்தா, அந்த இருபது நிமிஷம் கைய வச்சு எடுத்ததும் இவரு நாய விட்டுட்டு என்னக் கேக்குறாரு. எந்தக் கையில சங்கிலி புடிப்பீங்க? கேட்ட விட்டு வெளிய வந்தா எந்தப் பக்கம் திரும்புவீங்க? வைத்தியமா விசாரணையாங்க இது? இடது பக்கம்னேன். நாய் எந்தப் பக்கம் இழுக்கும்? வலதுன்னேன். ஏன் விடமாட்டேங்கிறீங்க?

ஏன்னா… வலது பக்கம் நாலாவது வீடு எங்க அக்கா வீடு. இந்த நாயோட தாய் அங்கதான் இருக்கு. குட்டியக் குடுத்ததே அக்காதான். அது அந்தப் பக்கம்தான் இழுக்கும். நான் இந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி இழுப்பேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு வருஷமா.

காரணம் இருக்கு தம்பி. மாமாவுக்கு நான் ஒரு கோட்டு தச்சுக் குடுத்தேன். தோள் சரியில்லங்கிறத அக்கா என்கிட்ட சொல்லல. எதிர்க்கடை டெய்லர்கிட்ட பிரிச்சுத் தைக்கக் குடுத்திருக்கா. எதிர்க்கடையில! அவன் அதக் கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கவிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டியிருக்கான். நீங்களா இருந்தா அவ வாசல்ல மிதிப்பீங்களா? அதான்.

அதச் சொன்னா இந்த மனுஷன் சிரிக்கவே இல்ல. "பத்து நாளைக்குச் சங்கிலியத் தளர விடுங்க. அது போற பக்கம் நீங்க போங்க"ங்கிறாரு. கூடவே ஒண்ணு சொன்னாரு… "உங்க வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு"ன்னு. என்கிட்டயே. எழுந்திருச்சு வந்துட்டேன்.

ஆனா மாசக் கடைசி வந்துருச்சே. முந்தாநாள் விட்டேன். கேட்டத் தாண்டினதும் அது ஓடுச்சு பாருங்க, நாலு காலும் தரையில, நொண்டலாவது ஒண்ணாவது. அக்கா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்குறா, வாடான்னு ஒரு வார்த்தை கிடையாது. உள்ள போனா, இந்தப் பைய எடுத்துட்டு வந்து கையில திணிச்சா. "அவன் இன்னும் கெடுத்துட்டான். நீயே பாரு"ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு, எனக்குந்தான். நாய் அங்கயே அதோட தாய் பக்கத்துல படுத்துருச்சு. வரமாட்டேன்னுருச்சு. அதான் தனியா வந்திருக்கேன்.

பையில இருக்கிறது அந்தக் கோட்டுதான். நேத்துத் தையலப் பிரிச்சேன். உள்ள நான் போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கு. வலது தோள், ஒரு விரல் இறக்கம். யார் தோள் தெரியுமா? மாமா அன்னிக்கு அளவுக்கு வரேன்னாரு. எதுக்கு மாமா அலையுறீங்க, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானன்னு என் உடம்புல வச்சே வெட்டிட்டேன். கண்ணாடியில பாத்தேன், கச்சிதமாதான் இருந்துச்சு. இருக்காதா பின்ன, எனக்கு!

ஊர்ல இருக்கிறவன் தோளையெல்லாம் அளந்தேன்…

சரி, மாமா நாளைக்கு அளவுக்கு வராரு. அதுக்குள்ள இந்தத் தோள ஒரு தடவை தொட்டுப் பாருங்கன்னு இவருகிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். வாசல்ல பேரு எழுதுற பொண்ணு என்ன சொல்லுது தெரியுமா? குதிரைக்கும் நாய்க்கும் மட்டும்தான் பாப்பாராம். மனுஷங்களுக்குப் பாக்கமாட்டாராம்.

தம்பி, உங்களக் கூப்புடுறாங்க. நானும் உங்க நாயோட வந்த ஆளுன்னு சொல்லி உள்ள… தம்பி… கொட்டாவி வேணும்னாலும் விடுறேன் தம்பி…