களை எடுக்காத தட்டு

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். உங்களுக்குக் கல்யாணம் இருக்கலாம், காய்ச்சல் இருக்கலாம். தட்டில் இருப்பவற்றுக்குச் சத்துநீர் மாற்ற வேண்டிய நாளில் மாற்றியாக வேண்டும். பதினாறு வருடத்தில் நான் ஒரு நாள் தவறவிட்டதில்லை. வருகைப் பதிவேட்டை நீங்களே புரட்டிப் பார்த்தீர்கள். பார்த்த பிறகும் 'இது கவனக்குறைவாக இருக்குமோ' என்று என்னிடம் கேட்டீர்களே, அதுதான் மனதுக்குச் சங்கடமாக இருந்தது. கவனக்குறைவு இல்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் விசாரணைக் குழுவில் ஒருவர் வக்கீல் என்று சொன்னார்கள். அவருக்காக வேலையை முதலில் விளக்கிவிடுகிறேன். நோயாளியின் கட்டியிலிருந்து மிளகளவு துண்டு ஒன்று எங்களுக்கு வரும். அதை நறுக்கிக் கரைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்போம். போதுமான அளவு வளர்ந்ததும் நாலு மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்போம். எந்த மருந்துக்குச் செல்கள் சாகின்றனவோ அதை மருத்துவர் அந்த நோயாளிக்கு ஏற்றுவார். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் பேராசிரியர். நாலில் மூன்றாவது மருந்தும் அவர் உருவாக்கியது. இருபது வருடம் அதற்காக உழைத்தார் என்பதை நான் மறுக்கவில்லை.

இதில் ஒரு தொல்லை உண்டு. துண்டில் கேன்சர் செல்கள் மட்டும் வருவதில்லை. உடம்பின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் சாதாரண செல்களும் கூடவே வந்துவிடும். நீளமாக, மெலிந்து, ஒரே திசையில் படுத்துக் கிடக்கும். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவை. ஆனால் தட்டில் போட்டால் கேன்சரைவிட வேகமாக அவைதான் பரவும். சும்மா விட்டால் இரண்டு வாரத்தில் தட்டு முழுக்க அவைதான் இருக்கும். நாங்கள் அவற்றைக் களை என்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கரைசலை ஊற்றி ஒன்றரை நிமிடம் வைத்தால் களையின் பிடி முதலில் விடும், உறிஞ்சி எறிந்துவிடலாம். கேன்சர் அத்தனை சுலபத்தில் விடாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். களை எடுக்காத தட்டில் மருந்தைச் சோதித்தால், அது கேன்சரைக் கொல்கிறதா என்று தெரியாது. நல்ல சதையைக் கொல்கிறதா என்றுதான் தெரியும்.

இவ்வளவு புரிந்தால் போதும். மிச்சம் எல்லாம் மனிதர்கள் சம்பந்தப்பட்டது.

முதல் ஐந்து வருடம் நான் இங்கே ஆராய்ச்சி மாணவி. கேன்சர் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்க வந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியதே நான்தான். அப்பா பஸ் ஓட்டுகிறவர். என் ஆய்வின் முடிவு ஒரே வரியில் சொல்லக்கூடியது: மூன்றாவது மருந்து கேன்சரைக் கொல்வதில்லை. ஒரே நோயாளியின் செல்களில் இருபத்திரண்டு தடவை செய்து பார்த்தேன், இருபத்திரண்டு தடவையும் செல்கள் அசையவில்லை. பேராசிரியர் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்குத்தான் பிடிக்கும். தான் பெற்ற பிள்ளையைப் பற்றி அடுத்தவர் குறை சொன்ன மாதிரிதானே.

துறை முழுவதும் கூடும் கூட்டத்தில் ஆய்வை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்மா. உன் செல்லை ரெண்டு தடவை வெளி லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். மொத வருஷத்துலயே களை மூடியிருக்கு. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

நான் மறுத்துவிட்டேன். அப்பா லீவு சொல்லி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. அதோடு எனக்கு விஷயம் பட்டென்று விளங்கிவிட்டது. மருந்தைக் காப்பாற்ற என்னைப் பலி கொடுக்கிறார். அறிக்கைகளை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார். நான் தொடவில்லை.

கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். கடைசிப் படம் திரையில் இருந்தது, என் செல்களின் படம். பேராசிரியர் எழுந்து, அவருக்கே உரிய குறும்போடு சொன்னார்.

"ஒண்ணு சொல்லியே ஆகணும். கேன்சரத் தவிர மத்த எல்லாத்தையும் இந்தப் பொண்ணு ரொம்ப நல்லா வளர்த்திருக்கு."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். திரும்பும் வழியில், "சார் உன்னைப் பத்திப் பெருமையாத்தானே சொன்னார்?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். அடுத்த வருடம் அவர் போய்ச் சேரும்வரை எல்லாரிடமும், "பரீட்சை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பேராசிரியரை வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சோறு இறங்காத அளவுக்கு வெறுத்தேன். பட்டம் போயிற்று, ஆனால் பேராசிரியர் நாலு பேரைப் பிடித்து எனக்கு அதே ஆய்வகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் என் தோல்வியைக் கண்ணாரப் பார்த்து ரசிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் தொட்ட தட்டில் ஒரு களை தங்கியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆய்வகத்துப் பிள்ளைகள் எனக்குக் களைக்காரி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பத்து வருடம் இப்படியே போயிற்று. போன வருடம் பேராசிரியருக்குக் குடலில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வழக்கமான சிகிச்சை கேட்கவில்லை. துண்டை எங்கள் ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும், ஆள் யாரென்று செய்கிறவருக்குத் தெரியக் கூடாது. அவரே போட்ட விதியை அவரே மீறினார். தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நூத்திப் பதினாலு என்னோடதும்மா. நீயே பண்ணு. வேற யார் கையிலயும் குடுக்க எனக்கு மனசு வரல."

"சரி சார்."

"களைய மட்டும் பார்த்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதே சிரிப்பு. அவர் நம்பிக்கையில்தான் சொன்னார் என்று அவருடைய மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை. சாகக் கிடக்கும்போதும் குத்திக் காட்டத் தெரிந்தவர் என்றுதான் பட்டது.

நான் எதையும் கலக்கவில்லை, எதையும் மாற்றவில்லை, விஷம் எதுவும் ஊற்றவில்லை. வக்கீல் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டிய ஒன்றரை நிமிட வேலையை மட்டும் செய்யவில்லை. சத்துநீரைச் சொன்ன நேரத்துக்கு மாற்றினேன். தட்டுக்கு என்ன பிரியமோ அது வளர்ந்தது.

ஒன்பதாம் நாள் பேராசிரியரின் மனைவி வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அரைமணி நேரம் காத்திருந்தார். மாதிரியைப் பார்க்க வெளியாட்களை விடக் கூடாது, ஆனாலும் உள்ளே அழைத்து மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா வளருதாம்மா?"

"நல்லா வளருது மேடம்."

"அவர் பயப்படவே இல்ல தெரியுமா. அவ கையில இருக்கு, நீ பேசாம தூங்குன்னு என்கிட்ட சொல்றார்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல மனுஷி.

நீங்கள் கேட்ட இரண்டாவது தட்டுக்கு வருகிறேன். ஒப்பீடு இல்லாமல் நான் எந்தச் சோதனையும் செய்கிறதில்லை. அது என் பழக்கம். நூற்றுப் பதினாலின் துண்டை முதல் நாளே இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் களை எடுக்கவில்லை. இன்னொன்றில் வழக்கம்போல் எடுத்தேன், சொல்லப்போனால் வழக்கத்தைவிடச் சுத்தமாகவே எடுத்தேன். பதினெட்டாம் நாள் இரண்டிலும் நாலு மருந்துகளையும் வைத்தேன். களை எடுக்காத தட்டில் மூன்றாவது மருந்து ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது மருந்து, கண்டதையும் கொல்லும் பழைய மருந்து, பாதிக்குமேல் கொன்றது. களை எடுத்த தட்டில் மூன்றாவது மருந்துக்கு நூற்றில் தொண்ணூற்றொரு செல்கள் செத்தன. இத்தனை அழகான முடிவை இந்த ஆய்வகத்தில் நான் பார்த்ததில்லை.

இரண்டையும் நோட்டில் எழுதினேன், தேதி போட்டு, மையில். முதல் தட்டின் முடிவை மட்டும் மருத்துவருக்கு அனுப்பினேன். மூன்றாவது பயனில்லை, இரண்டாவது பரவாயில்லை.

இரண்டாவதை ஏற்றினார்கள். முதல் மாதம் முடி போயிற்று, வாய் வெந்தது. இரண்டாம் மாதம் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றது. ஈரலில் இருந்தது மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நடுவில் நிறுத்தலாமே என்று தோன்றவில்லையா என்று உங்களில் ஒருவர் கேட்டார். தோன்றியது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் போனபோது மருத்துவர் வாசலில் நின்று பேராசிரியரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது, இன்னொரு மருந்தைத் தாங்கும், ஆனால் கொடுக்க மருந்துதான் இல்லை என்றார். இது என் காதில் நன்றாக விழுந்தது. உள்ளே போனேன். பேராசிரியர் என்னை அருகே வரச் சொன்னார். குரல் கம்மியிருந்தது.

"நீ எப்பவும் ரெண்டு தட்டு போடுவ. என்னோடதுக்கும் போட்டிருப்ப."

"போட்டேன் சார்."

"ரெண்டுலயும் மூணாவது பிடிக்கலியா?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தன் மருந்துக்காகக் கேட்டார், உயிருக்காகக்கூட இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று மாலையே ஏற்றியிருப்பார்கள். மருந்து கீழ்மாடியில் குளிர்பெட்டியில்தான் இருந்தது.

"பிடிக்கல சார். ரெண்டுலயும் பிடிக்கல. நான் அப்பவே சொன்னேனே."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழப் போனேன்.

"ஆமாம்மா. நீ அப்பவே சொன்ன. அத்தனை பேர் முன்னாடி உன்ன வெச்சுச் சிரிச்சிருக்கக் கூடாது. உங்கப்பாவும் இருந்தார்ல? மன்னிச்சுக்க."

பதினோரு வருடம் நான் காத்திருந்தது இதற்குத்தான். மனம் குளிர்ந்துபோயிற்று. அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் அவர் மனைவியை விட்டு ஒரு கடிதம் எழுதவைத்தார், இனி யாருக்கும் மூன்றாவது மருந்தைச் சோதிக்க வேண்டாம் என்று. அதற்குப் பிறகு வந்த ஆறு பேருக்கு நாங்கள் மூன்று மருந்துகளைத்தான் வைத்துப் பார்த்தோம். அது அவருடைய கடிதம். அதற்கு என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்.

பதினைந்து நாளில் அவர் இறந்தார்.

அவர் ஞாபகமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று மருத்துவர் என் நோட்டைக் கேட்டபோது நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாமே என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். ஆய்வு நோட்டில் பக்கம் கிழிக்கிற புத்தி எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆக, கொன்றது நான்தான். தெரிந்தே, பதினெட்டு நாளும் தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேற்று மூன்று அறிக்கைகளை என் முன்னால் வைத்தீர்கள். இரண்டு அவருடைய மேஜை இழுப்பறையில் இருந்த பழையவை. மூன்றாவது, என் பழைய செல்களை உறையவைத்து, உறைபெட்டியில் என் கையெழுத்தோடு இருந்த குப்பியைப் போன வாரம் என் கண் முன்னாலேயே முத்திரை வைத்து நீங்கள் அனுப்பியது. என் ஐந்து வருடச் செல்களில் கேன்சரே இல்லை, எல்லாம் களை என்று மூன்றும் சொல்கின்றன. களை எடுத்த தட்டில் மூன்றாவது மருந்து தொண்ணூற்றொன்று காட்டியதையும் சேர்த்துப் பாருங்கள், பதினோரு வருடத்துக்கு முன்பு அவர் சொன்னது சரிதானே என்று வக்கீல் மெதுவாகக் கேட்டார். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். விடை ஒன்றுதான் இருக்க முடியும். அந்தக் காலத்திலேயே அவர் உறைபெட்டியைத் திறந்து என் குப்பியை மாற்றி வைத்திருக்கிறார். ஒருத்தி உயிரைக் கொடுத்து வளர்த்ததை யாருக்கும் தெரியாமல் கெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பதினோரு வருடம் சிரிக்க எப்படித்தான் மனம் வந்ததோ, என்னால் அப்படியெல்லாம் இருக்க முடியாது.