கடைசி அரியர்

ஞாயிறு காலை, தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயில். எனக்கு எதிரே நாற்பதை நெருங்கும் ஒரு கணவனும் மனைவியும், அஞ்சல்வழி எம்பிஏவின் ஞாயிறு வகுப்புக்குப் போகிறவர்கள். கணவர் மடியில் நிதி மேலாண்மைப் புத்தகம் மூடியே கிடந்தது.

"இந்தத் தடவையாவது பாஸாகித் தொலைங்க. சேர்ந்து நாலு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு ரூல் இருக்கு. இதான் கடைசி சான்ஸ்."

"பாஸாயிட்டா ஞாயித்துக்கிழமை எங்க போறது?"

நான் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

"வீட்டுல இருக்கலாம்."

"வீட்டுல எல்லாரும் இருப்பாங்க. டிவி வேற. உன்கூட உக்காந்து பேசறதே இந்த ட்ரெயின்லதான்."

"அதுக்காக ஒரே பேப்பர்ல மூணு தடவ பெயிலாவீங்களா?"

"மொத தடவ நெஜமாவே வரல."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

"நீதான் ரெண்டு வருஷத்துலயே எல்லாம் முடிச்சிட்டியே. அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு கெளம்புற?"

"எனக்கும் ஒரு பேப்பர் நிக்குதுன்னு."



"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா. அத்தை பாவம், நான் பாஸாகணும்னு பிள்ளையாருக்குப் பதினோரு தேங்கா வேண்டிக்கிட்டிருக்காங்க."

"எனக்கு?"

"கேட்டேன். அவன் தேற மாட்டான், தேங்கா வேஸ்ட்டுன்னாங்க."

பல்லாவரம் வருவதற்குள் அவர் புத்தகத்தைத் திறந்திருந்தார்.